டிராப் அவே ரெஸ்ட் சத்தம் போடுதா, விழ மாட்டேங்குதா? ஒவ்வொண்ணா பாத்து சரி பண்ற வழி

எங்க சித்தப்பா பிரான்ஸ்ல இருக்காரு, புதுச்சேரில இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, தெருவுக்கு ரெண்டு வீட்ல அப்படி ஒருத்தர் இருப்பாரு. அங்க வில்லு வச்சு வேட்டையாட சட்டப்படி அனுமதி உண்டு, அதுக்குன்னே செஞ்ச ஒரு குட்டை காம்பவுண்ட் வில்ல (முனைல சக்கரம் வச்ச வில்லு) அவரு வச்சிருந்தாரு, புதுசு வாங்கினதும் பழசு என்கிட்ட வந்துச்சு. இங்க 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்கப்புறம் காட்டு மிருகத்து மேல வில்ல நீட்டுற பேச்சே கிடையாது, அதனால தவளக்குப்பத்துல மாமாவோட தென்னந்தோப்புல மணல் மூட்டை அடுக்கி, முன்னாடி ஃபோம் பலகைய நிறுத்தி, அதுல மட்டும்தான் விடுறோம். வில்லு அருமையான வில்லு. அதுல இருந்த டிராப் அவே ரெஸ்ட்தான், அதாவது இழுக்கும்போது அம்ப தாங்கி நின்னு, விட்டதும் இறகுல படாம கீழ விழுந்துடுற தாங்கி, அதுதான் ஒரு வருஷம் என் உயிர வாங்குச்சு.

அதோட மல்லுக்கட்டி கத்துக்கிட்டதுல, இப்ப கடலூர்லேர்ந்தும் பண்ருட்டிலேர்ந்தும் பசங்க வில்ல தூக்கிட்டு வந்துடுறானுங்க, 2028 ஒலிம்பிக்ல காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி வருதுன்னு ஆனதுலேர்ந்து இன்னும் ரெண்டு பேரு கூட. எல்லாரும் ஒரே மாதிரி கேள்விதான் கேக்குறானுங்க, நானும் ஒரே பதில திருப்பித் திருப்பி சொல்றேன், அதான் எழுதி வச்சுட்டேன். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், என் கைக்கு வந்ததுல பாதிக்கு மேல ரெஸ்ட்ல ஒரு கோளாறும் இல்ல, அத இழுக்குற கயிறுலதான் கோளாறு. ஆனா எல்லாரும் முதல்ல திருகுறது ரெஸ்ட்டோட ஸ்க்ரூவத்தான். அத தொடாதீங்க.

## எந்த வேலைய தொடங்குறதுக்கு முன்னாடியும்

அம்பு மாட்டாம நாண இழுத்து விட்டுடாதீங்க, சும்மா இழுத்துப் பாக்குறதா இருந்தாலும் அம்பு மாட்டி, மூட்டைய பாத்து நின்னு இழுங்க, விரல் தவறினா லிம்ப் (வில்லோட வளையுற கை) உடையும், கேம் (முனைல இருக்குற சக்கரம்) வளையும், முகத்துக்கு நேரா இருக்கிற சாமான் அது. கார்பன் அம்ப ரெண்டு கையாலயும் பிடிச்சு லேசா வளைச்சு, சுத்திச் சுத்திப் பாருங்க, நறநறன்னு சத்தம் கேட்டா அந்த அம்ப உடைச்சுப் போட்டுருங்க, விரிசல் விட்ட கார்பன் விடும்போது வெடிச்சு கையில ஏறும்.

அப்புறம் ரெஸ்ட் இப்ப எங்க உக்காந்திருக்குன்னு போன்ல மூணு போட்டோ. பக்கவாட்டுல ஒண்ணு, பின்னாடியிருந்து ஒண்ணு, கயிறு கட்டின இடம் ஒண்ணு. கயிறு கட்டின இடத்துல கேபிள் (நாண் தவிர கேம்லேர்ந்து எதிர் முனைக்கு ஓடுற இழைக் கயிறு) மேல வெள்ளை பெயின்ட் பேனாவால ஒரு புள்ளி வச்சுக்கோங்க. இந்தப் புள்ளி பின்னாடி பத்து வேலைய மிச்சப்படுத்தும்.

கடைசியா உங்க ரெஸ்ட் எந்த வகைன்னு தெரிஞ்சுக்கோங்க, ஏன்னா ஒரு வகைக்கு மருந்து இன்னொரு வகைக்கு விஷம். ரெஸ்ட்லேர்ந்து போற கயிற விரலால தொட்டுக்கிட்டே போங்க. அது கேபிள்ல போய் முடிஞ்சா கேபிள் வகை, லாஞ்சர் (அம்பு உக்கார்ற, ரெண்டு கொம்பு உள்ள பாகம்) சும்மா இருக்கும்போது படுத்திருக்கும், நீங்க இழுக்கும்போது கேபிள் கீழ போய் அத தூக்கும். அது லிம்ப்ல போய் முடிஞ்சா லிம்ப் வகை, இதுல ஸ்பிரிங் லாஞ்சர மேல தள்ளிக்கிட்டே இருக்கும், கயிறுதான் அமுக்கி வச்சிருக்கும், இழுக்கும்போது லிம்ப் வளைஞ்சு கயிறு தளரும், லாஞ்சர் எழும்பும். ரெண்டும் நேர் எதிர். கட்டை விரலால தூக்கி நிறுத்துற மாதிரி, அம்ப சுத்தி வளையம் இருக்குற ரெஸ்ட்டுலயும் கயிறு பெரும்பாலும் கேபிளுக்குத்தான் போகும், அத கேபிள் வகைலயே சேத்துக்கோங்க.

## இழுக்கும்போதே சத்தம் வருது

கீச்சுன்னு, இல்லேன்னா கல்லுல கத்தி தீட்டுற மாதிரி சரசரன்னு. விடுறதுக்கு முன்னாடியே வர்ற சத்தம் இது.

முதல்ல அம்ப ஒரு ஈரத்துணியால துடைங்க. நான் விளையாட்டுக்கு சொல்லல, தோப்புல அம்பு மணல்ல விழுந்து எந்திரிச்சு வரும், அந்தப் பொடி மணல் லாஞ்சர் மேல தேய்க்கிற சத்தம்தான் பாதி பேருக்கு. துடைச்சும் வருதுன்னா லாஞ்சரோட ரெண்டு கொம்பு மேலயும் இருந்த உறை தேஞ்சுப் போயிருக்கான்னு பாருங்க, வெறும் இரும்பு தெரிஞ்சா அதான் காரணம். எலக்ட்ரிகல் கடைல வயர் மேல போடுற ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் கேளுங்க, சில்லற காசுக்கு கிடைக்கும், கொம்பு அளவுக்கு வெட்டி மாட்டி சூடு காட்டினா கவ்விக்கும். இல்லேன்னா நாற்காலி காலுக்கு அடில ஒட்டுற ஃபெல்ட்ட மெல்லிசா வெட்டி ஒட்டலாம், ஃபெல்ட்தான் ரொம்ப அமைதி, ஆனா மழைக்கு நனைஞ்சா ஊறிப்போயி கனமாயிடும். ஐப்பசி கார்த்திகைல நான் ட்யூபுக்கு மாறிடுவேன்.

சூடு காட்டுறப்ப ரெஸ்ட்ட வில்லுலேர்ந்து கழட்டி தனியா எடுத்துக்கிட்டுப் போயி பண்ணுங்க. நான் சோம்பேறித்தனமா வில்லுல வச்சே லைட்டர் காட்டினேன். ட்யூப் அழகா சுருங்கி உக்காந்துச்சு, பாத்துட்டு திருப்தியா லைட்டர அணைக்கிறேன், பக்கத்துல போற கேபிளோட செர்விங் (மேல சுத்தின பாதுகாப்பு நூல்) பாகு மாதிரி உருகி பளபளன்னு நிக்குது. ஒரு செட் கேபிள் போச்சு. இப்ப ஹேர் டிரையர்தான்.

ட்யூபும் புதுசு, அம்பும் சுத்தம், ஆனாலும் கீச்சுன்னா காது லாஞ்சர்ல இல்ல, கயிறுல வைங்க. கயிறு ரைசர் (வில்லோட நடு உடம்பு) ஓரத்துலயோ கேபிள் கார்டு (கேபிள ஒதுக்கிப் பிடிக்குற கம்பி) மேலயோ உரசிக்கிட்டு போகுதா? உரசுற இடத்துல கயிறு பஞ்சு பஞ்சா நிக்கும், கயிறு கட்டின கோணத்த கொஞ்சம் மாத்தணும். அதுவும் இல்லேன்னா கேம் ஆக்சில்லயோ (அச்சு) கேபிள் ஸ்லைடுலயோ (கார்டு கம்பி மேல கேபிள பிடிச்சு ஓடுற துண்டு) வர்ற சத்தமா இருக்கும், அது ரெஸ்ட் விவகாரமே இல்ல. கேபிள் ஸ்லைடு நீங்களே துடைக்கலாம். ஆக்சில்ல கை வைக்காதீங்க, அதுக்கு பிரஸ், அதாவது வில்ல அமுக்கி நாண தளர வைக்குற கருவி, வச்சிருக்கிற ஆள் வேணும்.

## விடுற நேரத்துல "டக்"

இதுக்குத்தான் நிறைய பேரு வர்றாங்க. அம்பு போன சத்தத்தோட சேந்து ஒரு கட்டை சத்தம். அது லாஞ்சர் கீழ விழுந்து ஷெல்ஃப (ரெஸ்ட்டுக்குக் கீழ ரைசர்ல இருக்குற மேடை) அடிக்கிற சத்தம், அதாவது ரெஸ்ட் தன் வேலைய செஞ்சிருக்குன்னு அர்த்தம், அதனால பயப்பட ஒண்ணும் இல்ல, மெத்தை போட்டா போதும்.

விரலால லாஞ்சர தூக்கி விட்டுப் பாருங்க, அது எந்த இடத்துல போயி மோதுதுன்னு தெரியும். அந்த இடத்த ஸ்பிரிட் தொட்ட துணியால துடைச்சு, எண்ணெய் பசை போன பிறகு ஃபெல்ட்ட ஒட்டுங்க, இல்ல வெல்க்ரோவோட மெதுவான பக்கத்த ஒட்டுங்க. மூலைய வட்டமா வெட்டுங்க, கூர் மூலை வச்சா ரெண்டு வாரத்துல அங்கேர்ந்து உரியும். ஒட்டிட்டு ராத்திரி பூரா விட்டுருங்க, உடனே விடாதீங்க, நம்ம ஊரு புழுக்கத்துல பசை பிடிக்க நேரம் எடுக்கும்.

கவனிக்க வேண்டியது கனம். மெத்தை கனமா போட்டா சத்தம் சுத்தமா நிக்கும், ஆனா லாஞ்சர் முழுசா படுக்காது, மேல நிக்கிற கொம்புல இறகு உரசும். சத்தம் போச்சுன்னு சந்தோஷப்படுவீங்க, அம்பு கோணலா போகும். நெல்லிக்குப்பத்து தம்பி ஒருத்தன் மூணு அடுக்கு ஃபெல்ட் போட்டுட்டு வந்து "அண்ணே வில்லு பூனை மாதிரி இருக்கு, குரூப்பு மட்டும் ஏன் இவ்ளோ பரவுது"ன்னு கேட்டான். ரெண்டு அடுக்க உரிச்சோம், குரூப்பு, அதாவது அம்புங்க குத்துற பரப்பு, சுருங்குச்சு, சத்தம் கொஞ்சம் திரும்பி வந்துச்சு. அந்தக் கொஞ்சம் சத்தத்தோட வாழ்ந்துதான் ஆகணும்.

மெத்தை சரி, ஆனா சத்தம் "டக் டக்"ன்னு ரெண்டா கேக்குதுன்னா லாஞ்சர் விழுந்து துள்ளுது. போன்ல ஸ்லோ மோஷன்ல பக்கவாட்டுலேர்ந்து எடுத்துப் பாருங்க, விழுந்தது திரும்ப எழும்பி வர்றது நல்லா தெரியும், அந்த நேரத்துல இறகு மேல போயிட்டிருந்தா அடிதான். கெட்டியான ரப்பர் துண்டு வச்சிருந்தா அதுதான் பந்து மாதிரி தூக்கி அடிக்கும், எடுத்துட்டு ஃபெல்ட் போடுங்க. லிம்ப் வகைல துள்ளுறது கயிறு தளர்வா இருக்கிறதால, கீழ வந்ததும் இழுத்துப் பிடிச்சு வைக்க ஆள் இல்லாத மாதிரி. ஒரு மில்லி அளவுக்கு இறுக்கிப் பாருங்க. கேபிள் வகைல துள்ளினா ஸ்பிரிங் சோர்ந்து போயிருக்கும், ஸ்பிரிங் மட்டும் தனியா கிடைக்குற ரெஸ்ட்னா மாத்துங்க, கிடைக்கலேன்னா அதுதான் புது ரெஸ்ட் வாங்குற நேரம்.

## விட்ட பிறகு கிலுகிலுன்னு நடுங்குது

இத ரெஸ்ட்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை. வில்ல இடது கையில தொங்க விட்டு, வலது கை முஷ்டியோட ஓரத்தால ரைசர்ல தட்டிக்கிட்டே வாங்க, இன்னொருத்தரு ஒவ்வொரு சாமானா விரலால அமுக்கிப் பிடிக்கட்டும். சைட்ட (குறி பாக்குற கருவி) பிடிச்சப்ப சத்தம் நின்னா சைட். குவிவர் (அம்புக் கூடு), ஸ்டெபிலைசர் (ஆட்டம் குறைக்குற தண்டு), கேபிள் கார்டு, லிம்புக்கு நடுவுல இருக்கிற ரப்பர், இப்படி. நான் ஒரு மாசம் ரெஸ்ட்ட பிரிச்சுப் பிரிச்சு மாட்டினேன், கடைசில அது பீப் சைட்டோட (நாண்ல இருக்குற, குறி பாக்குற ஓட்டை) ரப்பர் ட்யூப் நாண்ல அடிக்கிற சத்தம். எங்க வீட்டுல இன்னும் அத சொல்லிக் காட்டுவாங்க.

ரெஸ்ட்டேதான்னா எல்லா ஸ்க்ரூவையும் ஒவ்வொண்ணா கழட்டி, மரைய துடைச்சு, நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராம பிடிக்குற பசை) ஒரு சொட்டு வச்சு திரும்ப மாட்டுங்க. நீலம். சிவப்பு வச்சீங்கன்னா பின்னாடி சூடு காட்டாம கழட்ட முடியாது. ரைசர்ல மாட்டுற பெரிய போல்ட் இருக்கே, பெர்கர் ஹோல்ல போறது, அது அலுமினிய மரை, ஆலன் கீய பிடிச்சுக்கிட்டு தம் கட்டி இறுக்குற வேலைய அதுல காட்டாதீங்க. மரை போயிடுச்சுன்னா அங்க நிறுத்திடுங்க. பக்கத்து லேத்துல கொடுத்து பெருசா துளை போட்டு மரை ஏத்திக்கலாம்னு யாராவது சொல்வாங்க, ரைசர் அவ்ளோ பளு தாங்குற பொருள், அதுல துளை பெருசாக்குற வேலை வில்லு தெரிஞ்சவங்க பண்ண வேண்டியது.

கடல் காத்துக்கு இந்த ஸ்க்ரூ எல்லாம் வேகமா துருப்பிடிக்கும், ஸ்பிரிங்கும் அப்படித்தான். மாசத்துக்கு ஒரு தடவ துடைக்கிறது போதும்.

## லாஞ்சர் மேல வர மாட்டேங்குது, இல்ல பாதி வந்து நிக்குது

கையால முதல்ல. கேபிள் வகைல லாஞ்சர விரலால தூக்கி விடுங்க, சட்டுனு திரும்பிப் படுக்கணும். லிம்ப் வகைல கயிற அவுத்துட்டு அமுக்கி விடுங்க, சட்டுனு எழும்பணும். மெதுவா, யோசிச்சு யோசிச்சு போச்சுன்னா உள்ள அழுக்கு. மணல், இல்லேன்னா எண்ணெய்.

எண்ணெய்ல ஒரு கதை. வீட்ல தையல் மெஷினுக்கே தேங்காய் எண்ணெய் விடுற ஆளுங்க நாம, ஒருத்தரு ரெஸ்ட்டுக்கும் விட்டிருந்தாரு. எட்டு மாசம் ஒரு குறையும் இல்ல, மார்கழி காலைல ஆறு மணிக்கு தோப்புக்கு வந்து இழுத்தா லாஞ்சர் பாதில நிக்குது, பத்து மணிக்கு வெயில் ஏறினதும் சரியாயிடுது. மூணு ஞாயிறு இப்படி. நாலாவது வாரம் பிரிச்சுப் பாத்தா ஆக்சில்ல வெள்ளையா உறைஞ்சு கிடக்கு, 24 டிகிரிக்கு கீழ போனா தேங்காய் எண்ணெய் கட்டிப்போகும்ல, அதான். துடைச்சு எடுத்துட்டு, பென்சில் முனைய தேச்சு அந்தக் கருப்புப் பொடிய வச்சோம். பொடின்னா மணலும் ஒட்டாது. அதே மாதிரி ஃபெல்ட் ஒட்டுறேன்னு சொட்டு பசைய ஆக்சில் பக்கம் கொண்டு போகாதீங்க, உள்ள ஓடிப்போயி பிடிச்சுக்கிச்சுன்னா ரெஸ்ட்டே முடிஞ்சுது.

லாஞ்சர் கையில நல்லா ஆடுது, ஆனா இழுக்கும்போது வரலேன்னா இப்ப கயிறு. கேபிள் வகைல, நான் வைக்க சொன்ன வெள்ளைப் புள்ளி எங்க இருக்கு? கயிறு கட்டு புள்ளிய விட்டு நகந்திருந்தா நழுவிடுச்சு. கிளாம்ப் போட்டு பிடிச்சிருந்தா இது சகஜம், கிளாம்ப்புக்கு மேலயும் கீழயும் செர்விங் நூலால ஒரு பத்து சுத்து சுத்திக் கட்டிட்டா நகராது. கயிற கேபிளோட இழைகளுக்கு நடுவுல நுழைச்சு கட்டுறதுதான் நிரந்தரம், ஆனா அதுக்கு பிரஸ்ல வச்சு கேபிள தளத்தணும், வீட்ல ஸ்க்ரூ டிரைவர் விட்டு இழைய நெம்பாதீங்க. நழுவல, ஆனா பாதிதான் வருதுன்னா கயிறு நீளம், குறைக்கணும்.

லிம்ப் வகைல இதே அறிகுறிக்கு காரணம் தலைகீழ். பாதி வந்து நிக்குதுன்னா கயிறு ரொம்ப இறுக்கம், லிம்ப் முழுசா வளைஞ்சும் விட்டுக் கொடுக்க மாட்டேங்குது. கொஞ்சம் விடுங்க.

எவ்ளோ? கேபிள் வகைல ஃபுல் டிராவுக்கு (முழுசா இழுத்த நிலை) கடைசி ஒண்ணு ரெண்டு இன்ச் இருக்கும்போது லாஞ்சர் முழு உயரத்த தொடணும், நான் இத வச்சுதான் கட்டுறேன், ரெஸ்ட்டோட வந்த தாள்ல வேற சொல்லியிருந்தா அதுதான் சரி. லிம்ப் வகைல சும்மா இருக்கும்போது முழுசா படுத்திருக்கணும், இழுக்க ஆரம்பிச்ச கொஞ்ச தூரத்துலயே எழும்பி நின்னுடணும். நீங்க இழுங்க, பக்கத்துல ஒருத்தரு போன்ல வீடியோ எடுக்கட்டும், முன்னாடி யாரும் நிக்கக் கூடாது.

## லாஞ்சர் விழ மாட்டேங்குது, இல்ல லேட்டா விழுது

அம்பு வால ஆட்டிக்கிட்டே போகும், ஒரே இறகு சீக்கிரம் கிழியும், அதான் அறிகுறி. உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கு. வீட்ல பழைய லிப்ஸ்டிக் இருந்தா எடுத்து மூணு இறகு ஓரத்துலயும் லேசா தடவுங்க, ஒரு அம்பு விடுங்க, அப்புறம் லாஞ்சர், ஷெல்ஃப், கேபிள் எல்லாத்தையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிவப்பு எங்க இருக்கோ அங்க உரசுது. என் வில்லுல முதல் தடவ பாத்தப்ப லாஞ்சரோட வலது கொம்பு நுனில மட்டும் கடுகு அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு, அவ்ளோதான், ஆனா 30 மீட்டர்ல அதுவே ஒரு சாண் தள்ளி விட்டுக்கிட்டு இருந்துச்சு.

கடுகு அளவு உரசலுக்கு முதல் மருந்து ரெஸ்ட் இல்ல, நாக் (அம்போட வால்ல நாண் மாட்டுற துண்டு). நாக்க கொஞ்சமா திருப்புங்க, இறகு வேற இடத்துல போகும். காசில்லாத வேலை, எப்பவும் இதுலேர்ந்து தொடங்குங்க. கேபிள்ல சிவப்பு இருந்தாலும் இதேதான்.

நாக் திருப்பியும் தீரலேன்னா நேரம் தப்பு. லிம்ப் வகைல கயிறு தளர்வு, அதனால லாஞ்சர் முழுசா கீழ போகல, வில்லு சும்மா இருக்கும்போதே லாஞ்சர் கொஞ்சம் தூக்கி நிக்கும் பாருங்க, இறுக்கணும். கேபிள் வகைல கயிறு ரொம்ப குட்டை, லாஞ்சர் சீக்கிரமே எழும்பி லேட்டா விழுது. இதுல இன்னொரு ஆபத்து இருக்கு, லாஞ்சர் முட்டு தொட்ட பிறகும் நீங்க இழுத்துக்கிட்டு இருந்தா கயிறு கேபிளையே பக்கவாட்டுல வளைக்கும், இழுப்போட கடைசில வழக்கமா இல்லாத ஒரு இறுக்கம் தெரியும், கயிறு கம்பி மாதிரி விறைக்கும். அப்படித் தெரிஞ்சா அந்த நிமிஷமே நிறுத்தி, மெதுவா இறக்கிட்டு, கயிற நீட்டுங்க. ஒண்ணு ரெஸ்ட் உடையும், இல்ல கயிறு அறுந்து கண்ணுகிட்ட வரும்.

கட்டை விரலால தூக்கி நிறுத்துற வகை வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு. இழுத்துட்டு விடாம மெதுவா இறக்கினா லாஞ்சர் நின்னுக்கிட்டே இருக்குன்னு ஒருத்தரு கோளாறுன்னு கொண்டு வந்தாரு, சில மாடல அப்படித்தான் செஞ்சிருக்காங்க, வேகமா விட்டா மட்டும்தான் விழும். அம்பு விட்டும் விழலேன்னாதான் கோளாறு.

## இழுக்கும்போதே அம்பு லாஞ்சர விட்டு விழுது

கை நடுங்கினா விழும், அது ரெஸ்ட் தப்பில்ல, வில்லோட இழுப்பு எடைய (இழுக்க வேண்டிய பளு) ரெண்டு திருகு குறைச்சுக்கோங்க, போட்டிலயே 60 பவுண்டுக்கு மேல அனுமதி இல்ல, தோப்புல யாருக்கு எதக் காட்டணும். குறைச்சும் விழுதுன்னா ரிலீஸ (நாண இழுத்து விடுற கைக் கருவி) மாட்டுறப்ப டி-லூப்ப (அது மாட்டுற, நாண்ல கட்டின வளையக் கயிறு) திருகுறீங்களான்னு பாருங்க, நாண் திரும்பினா அம்பு பக்கவாட்டுல எகிறும். கேபிள் வகைல படுத்திருக்கிற லாஞ்சர்லேர்ந்து அம்பு ஷெல்ஃப்ல உருளும், ஷெல்ஃப்ல நடுவுல பள்ளம் வர்ற மாதிரி ரெண்டு பக்கமும் ஃபெல்ட் போட்டா உக்காரும். இதுக்கெல்லாம் கடைக்கு போக வேண்டியதில்ல.

## புதுசா மாட்டினேன், பேப்பர்ல வால் மேல கிழிக்குது

பேப்பர்னா, விறைப்பா கட்டின தாள் வழியா அம்ப விட்டு, கிழிசலப் பாத்து வால் எப்படி போகுதுன்னு தெரிஞ்சுக்கிற சோதனை. மாட்டும்போது பண்ணின தப்பா இருக்கும் முக்காவாசி. மேஸ்திரிங்க வச்சிருக்கிற குட்டி ரசமட்டம் ரெண்டு வாங்கிக்கோங்க. வில்ல நிமித்தி கட்டி, ஒண்ண நாண்ல வச்சு நேரா நிக்குதான்னு பாத்துட்டு, இன்னொண்ண அம்பு மேல வைங்க, லாஞ்சர கையால எழுப்பிப் பிடிச்சு. அம்பு நாணுக்கு சரியா குறுக்கா, நடு பெர்கர் ஹோலுக்கு நடுவுல போற மாதிரி இருக்கணும். படுத்த லாஞ்சர்ல வச்சு அளக்குறவங்கதான் அதிகம், அது தப்பு, அம்பு போறது எழும்பின லாஞ்சர்லேர்ந்து. பக்கவாட்டுல, ரைசர் பக்கத்துலேர்ந்து அம்போட நடு வரைக்கும் பதினாறுல பதிமூணு இன்ச், அதாவது ஏறக்குறைய 20 மில்லில தொடங்குறது நிறைய வில்லுக்கு பொருந்தும், உங்க வில்லு தாள்ல வேற அளவு இருந்தா அது.

இவ்ளோ பண்ணியும் வால் மேல கிழிச்சா, ரெஸ்ட்ட உடனே ஏத்தாதீங்க. லிப்ஸ்டிக் சோதனைய பண்ணுங்க, லாஞ்சர் மேல இடிச்சு வால் துள்ளினாலும் கிழிசல் இதே மாதிரிதான் இருக்கும். உரசல் இல்லேன்னு உறுதியான பிறகு ரெஸ்ட்ட அரை மில்லி ஏத்துங்க, இல்ல நாக் பாயின்ட்ட (நாண்ல நாக் மாட்டுற இடம்) இறக்குங்க. வால் கீழ கிழிச்சா எதிர்ப்பக்கம். பக்கவாட்டுக் கிழிசலுக்கும் அரை மில்லி அரை மில்லியா ஒரு பக்கம் நகத்துங்க, கிழிசல் சின்னதாச்சுன்னா அதே பக்கம் போங்க, பெருசாச்சுன்னா திரும்பி வாங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல நகத்துனா எது வேலை செஞ்சுதுன்னு தெரியாது. அஞ்சாறு மில்லி நகத்தியும் கிழிசல் அசையலேன்னா ரெஸ்ட்ட விட்டுருங்க, கேம் டைமிங்கோ (கேம் சரியான நேரத்துல திரும்பாதது), அம்பு வில்லுக்கு பொருந்தாததோ, அது பிரஸ் வேலை.

## நேத்து வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு

கயிறு. மறுபடியும் கயிறு. புது நாண், புது கேபிள் போட்டா முதல் நூறு இருநூறு அம்புக்கு நீண்டுக்கிட்டேதான் இருக்கும், அதுக்கேத்த மாதிரி ரெஸ்ட்டோட நேரமும் நகரும், அதனால அது அடங்குற வரைக்கும் செர்விங் போட்டு நிரந்தரமா கட்டாதீங்க. மதியானம் கார் டிக்கில வில்ல வச்சுட்டு பீச்சுக்கு போயிட்டு வந்தா வில்லுக்கே ஆகாது, ஃபெல்ட் பசையும் வழுக்கி வந்திருக்கும்.

அப்புறம் கயிறு அறுந்துடுச்சுன்னு கடலூர் முதுநகர்ல வலைக் கடைக்குப் போயி நைலான் கயிறு வாங்கி கட்டின நண்பர் ஒருத்தர். கயிறு பாக்க நல்லா கெட்டியா இருந்துச்சு, முடிச்சு மீனவர் வீட்டு முடிச்சு, அத குறை சொல்ல முடியாது. ஆனா நைலான் நீளும், ஈரம் குடிச்சா இன்னும் நீளும். அவரோடது லிம்ப் வகை, ரெண்டு நாள் மழை, லாஞ்சர் முழுசா கீழ இறங்காம நின்னுச்சு, இறகு மூணும் பிஞ்சு போச்சு. டி-லூப்புக்கு விக்கிற கயிறு ஒரு மீட்டர் வாங்கி வச்சுக்கோங்க, வருஷக்கணக்குல வரும். முடிச்சோட நுனிய நெருப்புல காட்டி காளான் தலை மாதிரி உருக்கி விடுங்க, வில்லுல மாட்டுறதுக்கு முன்னாடியே.

## ஆள்கிட்ட கொண்டு போறப்ப

லிம்ப்ல வெடிப்பு, கேபிள்ல இழை அறுந்தது, ரைசர் மரை போனது, கேம் சாஞ்சது, இந்த நாலுல எது கண்ணுல பட்டாலும் ஒரு அம்பு கூட விடாம நிறுத்திடுங்க. சென்னைக்கு கொண்டு போனாலும் சரி, ஊர்லயே பிரஸ் வச்சிருக்கிற கோச்சுகிட்ட போனாலும் சரி, வில்ல மட்டும் தூக்கிட்டுப் போகாதீங்க. நீங்க விடுற அம்பு மூணு, உங்க ரிலீஸ், முதல்ல எடுத்த மூணு போட்டோ, ஸ்லோ மோஷன் வீடியோ, லிப்ஸ்டிக் படிஞ்ச இடத்த துடைக்காம அப்படியே. நான் முதல் தடவ எல்லாத்தையும் பளிச்சுனு துடைச்சு எடுத்துட்டுப் போனேன், அவரு பாத்துட்டு "இதுல என்னப்பா கோளாறு, நல்லாதானே இருக்கு"ன்னு திருப்பி அனுப்பிட்டாரு.